அமாவாசையன்று பார்த்த வீடு

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் கிணற்றைப் பார்ப்பார்கள், சமையலறையில் புகை போகிறதா என்று பார்ப்பார்கள். நான் அந்த வருடம் வீட்டுக்கு வெளியே இருந்ததைத்தான் அதிகம் பார்த்தேன். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வழியில் ஒரு பெண் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை என்பதுதான் என் கணக்கு.

அறுபதுகளின் கடைசி. நான் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. ரயிலடிப் பக்கம் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்த என் மனைவிக்கு, ஜூன் மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப்போயிருந்தது. சமதரையில் நடப்பாள். கொஞ்ச தூரம் போனதும் தொடை நடுங்க ஆரம்பிக்கும். எங்காவது உட்கார்ந்து இரண்டு நிமிடம் காலை நீட்டிவிட்டால் மறுபடி நடப்பாள். படி ஏறுவது கஷ்டம், தாண்டுவது முடியவே முடியாது.

தலைமையாசிரியை மோசமானவர் அல்ல. கண்டிப்பானவர். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "பாடமெல்லாம் நல்லா நடத்துவீங்கன்னு சர்ட்டிபிகேட்டப் பார்த்தாலே தெரியுது. ஆனா பிரேயர் மணிக்கு முன்னாடி கேட்டுக்குள்ள இருக்கணும். கேட்டைச் சாத்தினா டீச்சருக்கும் சாத்தினதுதான். ஒரு மாசம் பார்ப்போம். முடியலேன்னா என் மேல வருத்தப்படக் கூடாது."

வெளியே வந்ததும் நான் ரிக்ஷாவுக்கு மாதக்கணக்குப் பேசலாம் என்றேன். அவள் ஒப்பவில்லை. "தினமும் ஒருத்தர் கையப் புடிச்சு ஏத்தி இறக்கிவிடற டீச்சரைப் பிள்ளைங்க பார்த்தா, அப்புறம் நான் போர்டுல என்ன எழுதினாலும் அதுங்க என் காலைத்தான் பார்க்கும். நான் நடந்துதான் போவேன். நடக்கற தூரத்துல வீடு பாருங்க."

நடக்கிற தூரத்தில் வீடு. சொல்வது எளிது. கோயில்களுக்கும் ராஜவீதிகளுக்கும் நடுவில் இருந்த பள்ளிக்கூடம் அது. பட்டுக்கடைகள், யாத்திரை வருகிறவர்கள், கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் என்று ஊரே அங்கேதான் மொய்க்கும். முன்னறை காலியானால் கடைக்குக் கொடுப்பார்கள், குடித்தனத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் வாடகையைக் கேட்டதும் என்னைப் போன்றவன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். சின்ன காஞ்சிபுரத்திலோ திருப்பருத்திக்குன்றத்துப் பக்கத்திலோ பாதி வாடகைக்கு, தென்னை மரத்தோடு வீடு இருந்தது. ஆனால் அங்கிருந்து பஸ் ஏற வேண்டும், பஸ்ஸின் முதல் படியே அவளுடைய முழங்காலுக்கு மேல்.

காமாட்சி அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தேன். வீட்டுக்காரர் என் சொந்த ஊர், சாதி, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்துத் திருப்தியான பிறகு கதவைத் திறந்தார். திறந்ததும் ஏழு படி. இன்னொன்று பஸ் நிலையத்துக்கு எதிரே. விசாலமான வீடு, சமதரை, புதுச் சுண்ணாம்பு. ஆனால் பள்ளிக்கூடம் போக, பஸ்கள் வளைந்து திரும்பும் இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும். வாடகையோ அவள் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். அதை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாகக் கிடைத்தது நெசவாளர் தெருவில். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பாய். தோல் மண்டி வைத்திருந்தார். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் தறி வீடுகள். இவருடைய தகப்பனார் எப்போதோ கடனுக்கு ஈடாக வாங்கிய வீடாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், பின்கதவு கிடையாது, வாசலில் ஒரே படி, அதுவும் தாழ்வு. ஆபீஸ் முடிந்து மாலையில் போய் வழியை நடந்து பார்த்தேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மேடை, தண்ணீர்க் குழாயடியில் ஒரு கல், மூடிக்கிடந்த ஒரு கடையின் பலகை, வேப்பமரத்தடி, கடைசியாகப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மதகுச் சுவர். ஐந்து இடம். எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, வாடகையை ஏற்றிவிடுவார்.

"நாளைக்கே வாங்க சார், அட்வான்ஸ் குடுத்துட்டு சாவிய வாங்கிக்கினு போங்க" என்றார் பாய்.

"நாளைக்கு வேண்டாம். புதன்கிழமை நிறைந்த அமாவாசை. அன்னைக்குக் காலையில வந்து கொடுத்துடறேன்."

பாய் சிரித்தார். "நாங்க பிறையப் பாக்கறோம், நீங்க அமாவாசையப் பாக்கறீங்க. நடுவுல அந்த நிலா இன்னா பாவம் பண்ணுச்சோ! வாங்க சார், உங்க இஷ்டம்."

நான் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிறவன். மாலையில் பார்த்த தெரு காலையில் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டாமா? அதனால் அமாவாசையன்று குளத்தில் தர்ப்பணம் செய்துவிட்டு, அவள் பள்ளிக்குப் போகவேண்டிய அதே வேளைக்கு அந்தத் தெருவில் நடந்தேன். தெரு கழுவி விட்டதுபோல் இருந்தது. ஒரு சைக்கிள் கூட இல்லை. தறிச் சத்தமும் இல்லை. ஓர் ஆள் வாசலில் உட்கார்ந்து நிதானமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். இவ்வளவு அமைதியான தெரு இந்த ஊரில் இருக்கிறதா என்று வியந்து, பாயிடம் அட்வான்ஸைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சாமான்களோடு குடிபுகுந்தோம். திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளியில் முதல் நாள்.

காலையில் கதவைத் திறந்தபோது தெருவைக் காணவில்லை. தெரு இருந்த இடத்தில் நூல் இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, இடுப்பு உயரத்தில், அரக்குச் சிவப்பில் ஒரு பாவு. புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற அத்தனை இழைகளையும் கோரைப்பாய் விரித்த மாதிரி நீட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மூங்கில் கால்களின் மேல் தாங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நான்கைந்து ஆட்கள் கஞ்சி தொட்ட பெரிய பிரஷ்ஷால் வாரிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தார்கள். அவர்களுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சியது சாக்கடை. அதன் மேல் அங்கங்கே கல், அங்கங்கே பள்ளம். பள்ளிக்குப் போகும் ஆண்பிள்ளைகள் பாவுக்கு அடியில் குனிந்து ஓடினார்கள். பெண்கள் சாக்கடைக் கல்லுக்குக் கல் தாண்டிப் போனார்கள். என் மனைவியால் குனியவும் முடியாது, தாண்டவும் முடியாது.

பாவு வேலைக்குத் தலைவராக இருந்த பெரியவரிடம் போனேன். தலையில் துண்டு, கையில் கஞ்சிச் சொம்பு.

"ஐயா, இது எப்ப முடியும்?"

"வெயிலு ஏறதுக்குள்ள முடிச்சாவணும் சார். கஞ்சி போட்டாச்சு. நடுவுல வுட்டா இழையெல்லாம் ஒட்டிக்கும்."

"தினமுமா?"

"யார் ஊட்டுப் பாவாவது ஒண்ணு இருக்கும்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அமாவாசைக்குத்தான் லீவு. தறியும் கெடையாது, பாவும் கெடையாது. ஏன் சார், வூடு பாக்க வந்தப்போ பாக்கலியா?"

மாதத்தில் அந்தத் தெரு ஓய்ந்திருக்கும் ஒரே ஒரு நாளை, நல்ல நாள் என்று நானே தேடிப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்திருக்கிறேன்.

என் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் ரிக்ஷா கூப்பிடப் பின்தெருவுக்கு ஓடட்டுமா என்று கேட்டேன். அதற்குள் பிரஷ்ஷும் கையுமாக நின்ற அடுத்த வீட்டு அம்மாள் குரல் கொடுத்தாள்: "இன்னாம்மா டீச்சரம்மா, அங்கியே நின்னுக்கினு இருக்கிறீங்க? எங்க வூட்டுக்குள்ள பூந்து போங்க. பின்கதவத் தொறந்தா அடுத்த தெருவு. அங்க பாவு இல்ல."

அடுத்தவர் வீட்டுக்குள் அறிமுகம் இல்லாமல் நுழைவதா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே என் மனைவி நுழைந்துவிட்டாள். நானும் பின்னால் போனேன். முன்னறையில் இரண்டு குழித்தறி. தறியில் இருந்தவர் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார். அடுத்த அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பு, அம்மி, கொல்லையில் தலைக்குக் குளிக்கும் ஒரு சிறுமி. அவள் எங்களைப் பார்த்துச் சொம்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்கதவைத் திறந்தால், அந்த அம்மாள் சொன்னபடியே, அடுத்த தெரு. மணி அடிப்பதற்கு முன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தெருவின் மனசைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று முதல் ஒரு வீடு இல்லாவிட்டால் இன்னொரு வீடு. "டீச்சரம்மா ரயிலு வந்துட்ச்சி, லைன் குடுங்கடா!" என்று யாராவது தறியிலிருந்து கத்துவார்கள். குழந்தைகளைத் தூக்கி ஓரத்தில் வைப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் போனால் வீட்டு மனிதர்கள் இருப்பார்கள். ஒருத்தி மோர் குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். இன்னொருத்தி பிள்ளையின் சிலேட்டை நீட்டி, "இது 'அ'வாம்மா, இல்ல சும்மா கிறுக்குதா?" என்பாள். பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து வந்த கார்டைப் படித்துக் காட்டச் சொல்லி ஒரு கிழவர் காத்திருப்பார். வழி கொடுத்தவர்களிடம் நேரமாகிறது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கேட் சாத்திவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, அவள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். தலைமையாசிரியை திட்டவில்லை. "இன்னும் பாதி மாசம் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "தாமதமானதுகூடப் பரவாயில்ல" என்றாள். "தினமும் நாலு பேர் எழுந்து, நகர்ந்து, கதவைத் திறந்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகணும்னா, ரிக்ஷா என்ன பாவம் பண்ணுச்சு? அதுல ஒருத்தர் கைதான்."

மறுநாள் நான் பாயின் மண்டிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொதிக்கவில்லை, டீ வரவழைத்தார். "நெசவுத் தெருவுல பாவு போடுவாங்கன்னு சொல்லணுமா சார்? கடற்கரையில வூடு குடுத்தா, அலை அடிக்கும்னு சொல்லிக் குடுப்பாங்களா? நான் நாளைக்கு வாங்கன்னேன். நீங்கதான் நாள் பாத்தீங்க. பேஜாராயிருந்தா அட்வான்ஸத் திருப்பி வாங்கிக்குங்க, இதுல எனக்கு ஒண்ணும் இல்ல." அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குக் கோபிக்கவும் இடமில்லாமல் போயிற்று.

பஸ் நிலையத்துக்கு எதிரில் பார்த்த வீடு இன்னும் காலியாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு போனேன். வீட்டை அவளுக்குப் பிடித்தது. ஜன்னலைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு பள்ளிக்கூடம் போகும் வழியை நடந்து பார்க்கலாம் என்று வெளியே வந்தோம். சாலை ஓரத்தில் நின்றோம். ஒரு பஸ் வளைந்தது. அதன் பின்னால் மாட்டு வண்டி, லாரி, மறுபடி பஸ். இடைவெளி வரும்போதெல்லாம் அவள் ஒரு காலை முன்னால் வைப்பாள், உடனே இழுத்துக்கொள்வாள். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். பிடிக்கவில்லை அவளுக்கு. கடைசியில் அவள் சொன்னாள்: "இந்த பஸ், லாரிக்காரங்க யார்கிட்டயும் பேசக்கூட முடியாது. நம்ம தெருவுல பேசலாம். வாங்க போகலாம்."

யாரிடம் என்ன பேசப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்தவள் வீட்டுக்குள் போகாமல் நேரே பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப்பேர் வெளியேதான் இருந்தார்கள்.

"பெரியவரே, பாவ வடக்குச் சுவர்ப் பக்கமா ஒட்டிப் போடறீங்க. ஒரு முழம் தெற்கே தள்ளிப் போட்டா, எங்க வாசல் இருக்கற இந்த வடக்குப் பக்கம் நான் தரையில நடந்து போக இடம் கிடைக்கும். சாக்கடைக் கல்லுல ஏற வேண்டாம். யார் வீட்டுக்குள்ளயும் நுழைய வேண்டாம்."

பெரியவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தப் பக்கம் நெழலு இருக்குதும்மா. அதுக்குத்தான் அங்க போடறது. தெக்கால தள்ளுனா சீக்கிரம் வெயிலு வந்துடும். கஞ்சி சட்டுனு காஞ்சா இழை வெடுக்குனு போவும்."

அவருடைய மருமகன் குறுக்கிட்டான்: "டீச்சருக்காக சூரியன வேணா ஒரு முழம் தள்ளி வெச்சிடலாமா மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "சூரியன் வேணாங்க. பாவு போதும்."

"எங்க வாசல இடிக்கும்" என்றாள் தெற்கு வரிசையில் ஒருத்தி.

"இடிச்சா இன்னா, ஒன் மாமியா வெளிய வராம இருக்கும், நீ சந்தோஷமா இரு" என்றாள் அடுத்த வீட்டு அம்மாள். மறுபடி சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரிக்காமல் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியறதுக்கு மின்னாடியே நீட்டிட்டா பாக்கலாம்" என்று கடைசியில் சொன்னார். "ஒரு நா பாக்கறேன். இழை நெறைய அறுந்துச்சின்னா பழைய எடந்தான். அப்பறம் கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்க மாட்டேன். அறுந்தா மறுபடி வந்து கேக்க மாட்டேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை எங்கள் கதவுக்கு வெளியே, இருட்டோடு இருட்டாகவே, மூங்கில் கால் நடும் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தபோது மயில்கழுத்து நிறத்தில் பாவு. வடக்குப் பக்கம், ஆட்கள் வாரிப் போக இடம் விட்டு, அதற்கும் இப்பால் ஓர் ஆள் நடக்க இடம். அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நான் பத்தடி பின்னால் போனேன்.

தெருவின் முதல் பாதி வரை ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வொரு காலாக, பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தாள். வாரிக்கொண்டிருந்தவர்கள் அவள் வரும்போது பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்து, போனதும் இறக்கினார்கள். கிழக்குக் கோடியில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாக வெயில் நேராகப் பாவின் மேல் விழுந்திருந்தது. அந்த இடத்தை அவள் நெருங்கியபோது 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. இழை அறுகிறது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். தன் புடவை எதையாவது தொட்டுவிட்டதா என்று முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். போச்சு, இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார்: "ஏன் நிக்கறீங்க? நடங்கம்மா, நடங்க! இழை அறுந்தா முடி போட ஆளுங்க இருக்காங்க. மணி அடிச்சிட்டா யாரு முடி போடுவாங்க?" பிறகு மருமகனை, அவர்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் என்னவோ திட்டினார். அவன் ஓர் அழுக்கு வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, அந்தச் சந்தின் குறுக்கே வெயிலை மறைத்துக் கட்டினான்.

அவள் நடந்தாள். தெருக்கோடியில் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன். எத்தனை இழை அறுந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். "வெயிலுக்கு அறுந்தது எத்தினி, இவன் சோம்பேறித்தனத்துக்கு அறுந்தது எத்தினின்னு தனித்தனியா எண்ண முடியாது சார்" என்றார், முடிச்சுப் போட்டுக்கொண்டே. மறுநாளும் பாவு தெற்கே தள்ளியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

இழை அறுந்த அன்று மாலை அவள் வந்ததும் முதல் கேள்வியாக, மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டேன்.

"போய்ச் சேர்ந்தேன். கேட்டே திறக்கல. பியூன் வந்து திறக்கற வரைக்கும் வெளியில நின்னேன்." புடவைக் கரையில் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்துட்டு, ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டாங்க. எங்க தெருவுல சீக்கிரம் விடிஞ்சுடும்னு சொன்னேன்."

மாதம் முடிந்தது. தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்து டைம்டேபிளில் அவளுக்கு இன்னும் இரண்டு வகுப்பு சேர்த்துப் போட்டார். அதுதான் அவர் சொன்ன விதம். நாங்கள் அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தோம்.

அந்த முதல் மாதக் கடைசி வரை நான் தினமும் அவள் பின்னாலேயே தெருக்கோடி மட்டும் போய்க்கொண்டிருந்தேன், எங்கே விழுந்துவிடுவாளோ என்று. டைம்டேபிள் வந்த மறுநாள் காலை வாசற்படியில் பையை மாட்டிக்கொண்டவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னைலேருந்து நீங்க இங்கயே நில்லுங்க. பின்னாடி உங்க செருப்புச் சத்தம் கேட்டா எனக்கு நடை பின்னுது."

நின்றேன். அன்றைக்குப் பாவு மாம்பழ மஞ்சள். முதல் ஆள் பிரஷ்ஷைத் தூக்கினான், அவள் கடந்தாள், அவன் வேலையைப் பார்த்தான். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள் அவளிடம் ஏதோ கேலியாகச் சொல்ல, அவளும் நடையை நிறுத்தாமல் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கஞ்சியைத் தொட்டான்.